கண்மாய் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம்: எதை விடுவது?

சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மாணவி எழுதியிருக்கிறார். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டதால் விட்டுவிட்டேன். நீண்ட கடிதம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

மதுரைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறார். ஆறாவது செமஸ்டர் முடிந்துவிட்டது. சி.ஜி.பி.ஏ. 7.6. இரண்டாம் ஆண்டில் கணக்கில் ஒரு அரியர் விழுந்து, அடுத்த முறையே எழுதி முடித்துவிட்டார். அப்பா கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் போடுகிறவர். கல்விக் கடன் 3 லட்சத்து 80 ஆயிரம். தம்பி பிளஸ் டூ.

இதுவரை மூன்று இன்டர்ன்ஷிப். முதலாவது, 3,500 ரூபாய் கட்டி ஆன்லைனில் பதினைந்து நாள் ‘மெஷின் லேர்னிங்’. இரண்டாவது, ஒரு மாதம் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வெப்சைட் வேலை. மூன்றாவது இந்தக் கோடையில், சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆறு வாரம். அங்கே தன் வட்டாரத்துக் கண்மாய்கள் 62-ஐ எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படங்களிலிருந்து எந்த மாதம் எவ்வளவு பரப்பில் தண்ணீர் நின்றது என்று கணக்கிடும் நிரல் எழுதியிருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும், தங்கள் கண்மாயில் பல வருடம் நீர்பாய்ச்சியாக, அதாவது மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவராக, இருந்த பெரியவரிடம் வரைபடத்தைக் காட்டியிருக்கிறார். அவர் சொன்னது: “நீ தண்ணி இல்லேன்னு போட்ட எடத்துல இடுப்பளவு தண்ணி கெடந்துச்சு ஆத்தா. மேல கருவை மூடிக் கெடக்கு. நீ தண்ணி இருக்குன்னு போட்ட மாசத்துல மடையவே தொறக்கல.” அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதுகிறார்.

இனி அவர் கேள்விகள். பிளேஸ்மென்ட் தொடங்கிவிட்டது, இரண்டு ஆண்டு பாண்டு (இடையில் விலகினால் பணம் கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம்) கேட்கும் நிறுவனம் ஒன்று முதலில் வருகிறது, போவதா? ஆய்வுக் கட்டுரை இல்லாமல் வெளிநாட்டிலோ ஐ.ஐ.டி.யிலோ இடம் கிடைக்காது என்று சீனியர் சொல்கிறார். கல்லூரி கைடு, 4,500 ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ் ஒன்றைக் காட்டுகிறார், போடலாமா? சென்னையில் இவரோடு வேலை செய்த ஆய்வு மாணவர் இவருடைய நிரலை வைத்துக் கட்டுரை எழுதுகிறார். அதில் தன் பெயர் இருக்குமா என்று கேட்பது சரியா? கடைசியாக, “நான் முழுக்க கம்ப்யூட்டர் ஆளும் இல்லை, நீர்வளமும் படிக்கவில்லை, சமூக அறிவியலும் தெரியாது. மூன்றும் சேர்ந்த வேலை என்று ஒன்று இருக்கிறதா? அதற்கு இன்னொரு டிகிரி வேண்டுமா?”

உங்களுக்கு என் பதில்.

நீங்கள் கேட்டிருப்பது நான்கு கேள்வி. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பெரியவர் பேசிய இடத்தைத்தான். அதைத் தோல்வி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம், நீங்கள் யார் என்று சொல்லாமல், விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். “ஆறு வாரத்தில் இந்த இடத்துக்கு வந்துவிட்டாளா?” என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நீங்கள் பயன்படுத்திய சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். அந்த இரண்டரை சென்ட்டின் மேலே சீமைக்கருவேலம் குடை விரித்திருந்தால், செயற்கைக்கோளுக்குத் தெரிவது இலைதான், அடியில் கிடக்கும் தண்ணீர் தெரியாது. போதாக்குறைக்கு, உங்கள் பகுதிக் கண்மாய்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில். அப்போதுதான் வானம் முழுக்க மேகம். ஆக, எந்த மாதப் படம் முக்கியமோ அந்த மாதப் படம்தான் மோசமாக இருக்கும். மேகத்தை ஊடுருவிப் பார்க்க ரேடார் வேண்டும். சென்டினல்-1 செயற்கைக்கோள் அதைச் செய்யும். மரத்தின் அடியில் தேங்கிய நீரைக் கண்டுபிடிக்க நீண்ட அலை ரேடார் இன்னும் பொருத்தம். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா–இஸ்ரோ செயற்கைக்கோளான நிசார், அப்படிப்பட்ட அலையையும் பயன்படுத்துவது. உங்களை மாதிரி ஒருவர் கேட்க வேண்டிய கேள்விக்குக் கருவி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்றார் நண்பர்.

பெரியவர் சொன்ன இரண்டாவது விஷயம் அதைவிடச் சுவாரசியம். தண்ணீர் இருந்தும் மடை ஏன் திறக்கவில்லை? வண்டல் மேடேறி, மீதித் தண்ணீர் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே கிடந்திருக்கலாம். அது வயலுக்கு வராது. மீன் குத்தகைக்காரர் தண்ணீரை வைத்திருக்கச் சொல்லியிருக்கலாம். மேல் மடைக்காரருக்கும் கடை மடைக்காரருக்கும் தகராறாக இருக்கலாம். நீர்பாய்ச்சிக்குக் கூலி நெல் கொடுப்பது நின்றுபோய், திறக்க ஆளே இல்லாமல் இருந்திருக்கலாம். இதில் எதையும் செயற்கைக்கோள் சொல்லாது. எந்த நிரலும் சொல்லாது. யாராவது போய்க் கேட்டால்தான் தெரியும். நீங்கள் போய்க் கேட்டிருக்கிறீர்கள்.

‘மூன்றும் இல்லை’ என்ற பயம்

பல்துறை என்றால் மூன்று பாடத்திட்டத்திலிருந்து மூன்று கைப்பிடி அள்ளிப் போட்டுக்கொள்வது என்று நினைத்திருக்கிறீர்கள். கல்லூரிகளின் விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. நான் பார்த்தவரை அப்படிப் போனவர்கள் சிரமப்படுகிறார்கள். வேலைக்கு எடுப்பவரோ, ஆய்வுக்கு எடுக்கும் பேராசிரியரோ முதலில் கேட்பது, “உனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு வேலை எது?” என்றுதான். அதற்கு ஒரே பதில் இருக்க வேண்டும். உங்களுக்கு அது நிரல் எழுதுவது. பெரிய அளவுத் தரவை எடுத்து, சுத்தம் செய்து, கணக்கிட்டு, பிழையைச் சொல்லத் தெரிவது. அந்தத் தொழிலை விடாதீர்கள். அதை எதற்காகச் செய்கிறீர்கள் என்ற கேள்வி மட்டும் வேறு துறையிலிருந்து வரட்டும்.

நீர்வளத்தில் பட்டம் பெற்றவரோடு நீங்கள் போட்டி போட வேண்டியதில்லை. மடை, கலிங்கு, வரத்துக்கால், ஆயக்கட்டு என்றால் என்னவென்று தெரிந்த ஒரு புரோகிராமர் என்று சொல்லிக்கொண்டு போங்கள். அப்படி ஆட்கள் நிறைய இல்லை. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று ஏறக்குறைய 39,000 இருக்கின்றன. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ள சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம். 2017-இல் குடிமராமத்து (ஊராரைச் சேர்த்துக்கொண்டு நீர்நிலைகளைச் சீரமைக்கும் திட்டம்) மறுபடி தொடங்கியதிலிருந்து எங்கே தூர்வாரினார்கள், அதனால் தண்ணீர் உண்மையில் கூடியதா என்று கேட்டால், பதில் சொல்ல உங்களுடையதைப் போன்ற கணக்குதான் வேண்டும்.

யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையிலேயே இருக்கும் தானம் அறக்கட்டளை நீண்ட காலமாகக் கண்மாய்ச் சீரமைப்பில் இருக்கிறது. பெங்களூரு ஏட்ரீ போன்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்கள், ஐ.ஐ.டி.களின் ஆய்வுத் திட்டங்கள், பயிர்க் காப்பீட்டுக்கும் வேளாண்மைக்கும் செயற்கைக்கோள் தரவு விற்கும் தனியார் நிறுவனங்கள் என்று வழி இருக்கிறது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இவற்றில் பல, கேம்பஸுக்கு வந்து வரிசையாக ஆள் எடுப்பதில்லை. இடம் காலியானால் சிறிதாக ஓர் அறிவிப்பு வரும், அவ்வளவுதான். தொடக்கச் சம்பளமும் நல்ல ஐ.டி. நிறுவனத்தைவிடப் பெரும்பாலும் குறைவு. கடன் இருக்கும் வீட்டில் இதை மறந்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது.

இன்னொரு டிகிரி தேவையில்லை என்பது என் கருத்து. 2022-இலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிக்கிறது என்பது உண்மைதான். அனுமதி இருக்கிறது என்பதற்காகக் கடைசி ஆண்டில் அஞ்சல்வழி எம்.ஏ. ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டுமா? டேராடூனில் இருக்கும் இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைனில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. அதில் ஒன்றை முடியுங்கள். ஐ.ஐ.டி.களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் நீரியல் பாடம் ஒன்று. சமூக அறிவியல் பக்கத்துக்கு, சென்னை அடையாறில் மால்கம் ஆதிசேசையா 1971-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் நூலகத்துக்கு ஒருமுறை போங்கள். ஏ. வைத்தியநாதன் போன்ற பொருளியலாளர்கள் அங்கே இருந்துகொண்டு ஏரிப் பாசனத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தால், உங்கள் பெரியவர் சொன்னதை வேறு ஊர்ப் பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பது தெரியும்.

ரெஸ்யூமேயில் மூன்று இன்டர்ன்ஷிப்

இணைத்திருந்த ரெஸ்யூமேயைப் பார்த்தேன். மூன்றுக்கும் ஆளுக்கு மூன்று வரி, சமமாகப் பங்கு வைத்திருக்கிறீர்கள். காசு கட்டி வாங்கிய அந்த முதல் சான்றிதழை எடுத்துவிடுங்கள். வருத்தமாக இருக்கும், 3,500 ரூபாய் சும்மா வரவில்லை. ஆனால் இன்டர்ன்ஷிப் என்றால் அவர்கள் உங்களுக்கு உதவித்தொகை தரலாம், தராமலும் இருக்கலாம். நீங்கள் அவர்களுக்குக் கட்டினால் அதன் பெயர் டியூஷன். நேர்காணலில் இருப்பவர்களுக்கு இந்தச் சான்றிதழ்களைத் தூரத்திலிருந்தே தெரியும். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, நீங்கள் தடுமாறினால், நல்ல மூன்றாவது வேலையின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

வெப்சைட் வேலைக்கு ஒரு வரி போதும். மீதி இடத்தைக் கண்மாய்க்குக் கொடுங்கள். என்ன செய்தேன் என்பதோடு எங்கே தப்பாயிற்று என்பதையும் எழுதுங்கள். “62 கண்மாய்களில் நீர்ப்பரப்பைக் கணக்கிட்டேன்; ஒன்றில் நேரில் சரிபார்த்தபோது சீமைக்கருவேலம் மூடிய இடங்களில் நீரைக் குறைத்துக் காட்டியது தெரிந்தது.” இந்த இரண்டாவது பாதி உங்கள் ரெஸ்யூமேயிலேயே கிடையாது. ஏன் விட்டீர்கள்? பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்பெண் போய்விடும் என்று கல்லூரி நமக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறது. ஆய்வில் அது நேர் எதிர்.

நான்காவதாக ஓர் இன்டர்ன்ஷிப் தேடிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் இருக்கிறதே, அதையே இதன் தொடர்ச்சியாக ஆக்குங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் மூன்று பேர் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட்டாக இருக்கும். கூட இருக்கும் இருவரும் வழக்கமாக ஒரு சாட்பாட் செய்து முடித்துவிடலாம் என்பார்கள். இப்போதே பேசுங்கள். அவர்களுக்கு ரேடார் படத்தைக் கையாளும் பகுதியையும், முடிவைக் கிராமத்தில் காட்டும் செயலியையும் பிரித்துக் கொடுக்கலாம். அவர்கள் ரெஸ்யூமேக்கும் அது நல்லதுதான். சென்னை நிறுவனத்தை வெளி வழிகாட்டியாகச் சேர்க்கக் கல்லூரி அனுமதிக்குமா என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கட்டுரையும் உங்கள் பெயரும்

இந்த இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான், அதுவும் நீங்கள் கவனிக்காத ஓர் ஆபத்தோடு. கல்லூரி கைடு போடச் சொல்வது எந்த வேலையை? அதே 62 கண்மாய் வேலையைத்தானே? அது உங்களுடைய சொந்தச் சொத்து மட்டும் இல்லை. கேள்வியை அமைத்தவர், கணினி வசதி கொடுத்தவர், கூட உட்கார்ந்து திருத்தியவர் என்று அந்த நிறுவனத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் வேறு இரண்டு பேர் பெயரோடு வெளியிட்டால், உங்கள் பெயர் போடாமல் அவர்கள் வெளியிட்டால் உங்களுக்கு எப்படி இருக்குமோ, அதையே நீங்கள் அவர்களுக்குச் செய்தவராகிவிடுவீர்கள். ஆய்வு உலகம் சின்னது. இது ஒட்டிக்கொள்ளும்.

தவிர, ஒருமுறை எங்கேயாவது வெளிவந்துவிட்டால் அதே வேலையை நல்ல இதழுக்கு அனுப்ப முடியாது. பணம் வாங்குகிற எல்லா இதழும் போலி என்று நான் சொல்லவில்லை. யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய, தரமான திறந்த அணுக்க இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் ஒரே வாரத்தில் ஏற்கிறோம் என்றால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ‘யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்’ என்று அட்டையில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அங்கீகரித்த இதழ்களைச் சொல்லிவந்த யு.ஜி.சி.-கேர் பட்டியலையே 2025-இல் நிறுத்திவிட்டார்கள்.

கைடிடம் மறுப்பது கஷ்டம்தான், இன்டர்னல் மார்க் அவர் கையில். “சென்னையில் அனுமதி வாங்காமல் போட முடியாது சார், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். யாருக்கும் முகம் சுளிக்காது.

அப்புறம் சென்னைக்கு எழுதுங்கள். ஆய்வு மாணவருக்கு மட்டும் எழுதாமல், உங்களைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியருக்கு எழுதி, மாணவருக்குப் பிரதி போடுங்கள். குற்றச்சாட்டு மாதிரி தொடங்க வேண்டாம். ஊருக்குப் போய்ச் சரிபார்த்ததில் இந்தப் பிழை தெரிந்தது, கட்டுரை எழுதுவதாகக் கேள்விப்பட்டேன், அதற்கு முன் இதைத் திருத்த வேண்டும், திருத்தும் வேலையை நான் செய்யத் தயார், இந்தக் கட்டுரையில் என் பங்கை எப்படிக் குறிப்பிடத் திட்டம் என்று தெரிந்துகொள்ளலாமா? இவ்வளவுதான், பத்து வரி. கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர்கள் கட்டுரையில் பிழை வராமல் நீங்கள் காப்பாற்றுகிறீர்கள்.

என்ன எதிர்பார்க்கலாம்? முறையை நீங்களே வடிவமைத்து, முடிவை விளங்கிக்கொள்வதிலும் கட்டுரை எழுதுவதிலும் பங்கெடுத்தால் ஆசிரியர்களில் ஒருவராக வருவது நியாயம். அவர்கள் சொன்னபடி நிரல் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் நன்றி உரையில் பெயர் வருவதும் உண்டு. முதல் பெயர் ஆய்வு மாணவருடையதாக இருப்பதில் தவறில்லை. அவர் அதில் வருடக்கணக்கில் இருக்கிறார். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், திருத்தத்தையும் நீங்களே செய்தால், உங்கள் தரப்பு வலுவாக இருக்கிறது. பதில் வரும்வரை நிரலைப் பொதுவெளியில் ஏற்ற வேண்டாம். சேரும்போது ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்றும் பாருங்கள்.

சீனியர் சொன்னதற்கு ஒரு வார்த்தை. எம்.எஸ்., எம்.டெக். சேர்க்கைக்கு வெளியான கட்டுரை கட்டாயம் இல்லை. இருந்தால் நல்லது, இல்லாமலே சேருகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பேராசிரியர் உங்களை அறிந்து எழுதும் ஒரு பரிந்துரைக் கடிதம், இந்த 4,500 ரூபாய்க் கட்டுரையைவிட எவ்வளவோ மேல்.

வேலையா, மேல்படிப்பா?

இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வட்டியெல்லாம் சேர்ந்து கடன் 5 லட்சமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 6,600 ரூபாய். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 12,400. தவணை போக 5,800 மிஞ்சும். அதில் விடுதி, சாப்பாடு, கட்டணம். முடியாது. ஆனால் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது என்பதுதான் பெரும்பாலான வங்கிகளின் விதி. மேற்படிப்புக்குப் போனால் அதை நீட்டிக்கக் கேட்கலாம். தருவது வங்கியின் விருப்பம், அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடும். வங்கி மேலாளரிடம் போய் எழுத்தில் கேளுங்கள். போகும்போது இன்னொன்றும் கேளுங்கள்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கோ படிப்புக்கோ நாக் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் உண்டு. உங்கள் கடனுக்கு அதை வங்கி கேட்டு வாங்கியதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நிறைய வீடுகளில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

என் யோசனை இது. பிளேஸ்மென்ட்டில் உட்காருங்கள். கூடவே வரும் பிப்ரவரியில் கேட் எழுதுங்கள். பதிவு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். அதாவது இப்போது எழுதிவிட்டு, ஒன்றரை, இரண்டு ஆண்டு வேலை பார்த்துக் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிட்டு, அதே மதிப்பெண்ணில் சேரலாம். வேலைக்குப் போனால் கதவு மூடிவிடும் என்ற உங்கள் பயத்துக்கு இதுதான் பதில். இரண்டு தாள் எழுதலாம் என்பதையும் கவனியுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸோடு, 2022-இல் வந்த ஜியோமேட்டிக்ஸ் (நில அளவை, வரைபடம் சார்ந்த துறை) தாளையோ 2024-இல் வந்த தரவு அறிவியல் தாளையோ சேர்க்க முடியுமா என்று அந்த ஆண்டின் பட்டியலில் பாருங்கள்.

படிக்க எங்கே போகலாம்? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, ஐ.ஐ.டி. பாம்பேயில் இருக்கும் கிராமப்புறத் தொழில்நுட்ப மையமான சிதாரா. 1985-இல் தொடங்கியது. அங்கே தொழில்நுட்பமும் வளர்ச்சியும் சேர்ந்த எம்.டெக். இருக்கிறது, கிராமத்தில் தங்கிச் செய்யும் களப்பணி பாடத்தின் ஒரு பகுதி. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும் நீர்வள மையமும் பக்கத்தில். எம்.டெக். வேண்டாம், மனிதர்கள் பக்கம்தான் மனம் இழுக்கிறது என்றால் பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியியல் எம்.ஏ.; வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். நான்கு ஆண்டுப் பட்டத்தோடு நேராக பிஎச்.டி. சேர 2022 யு.ஜி.சி. விதி 75 சதவீதம் கேட்கிறது. 7.6 அந்தக் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே. இப்போதே அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன், ஆனால் கடைசி இரண்டு செமஸ்டரில் மதிப்பெண்ணைக் கீழே விட வேண்டாம். முடித்துவிட்ட அரியரைப் பற்றி மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்காத வரை நீங்களாகப் பேச வேண்டாம்.

இந்த வழியில் இருக்கும் ஆபத்தையும் சொல்கிறேன். “இரண்டு வருடம் வேலை, அப்புறம் படிப்பு” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. சம்பளம் ஏற ஏற 12,400 சின்னதாகத் தெரியும். தம்பி கல்லூரிக்குப் போவான். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. மூன்றாவது ஆண்டில் கேட் மதிப்பெண் காலாவதியாகும் தேதியை இப்போதே அப்பாவிடம் சொல்லி வைத்துவிடுங்கள். பிறகு சொன்னால் வேலையை விடப் போகிறாள் என்றுதான் கேட்கும்.

அதனால்தான் பாண்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். “பாண்டு எல்லாம் சட்டப்படி செல்லாது, கையெழுத்துப் போட்டுவிட்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம்” என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பு நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஓர் அரசுத் துறை வங்கியில் மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் நிறுவனத்தின் பாண்டில் தொகை நியாயமானதா, பயிற்சிக்கு உண்மையில் செலவு செய்தார்களா என்பதையெல்லாம் தனியாகப் பார்ப்பார்கள். ஆனாலும் வெறும் காகிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஒப்பந்தத்தை ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு ஆண்டு என்பது உங்கள் திட்டத்தோடு எப்படியும் ஒத்துப்போகிறது என்பதால், தொகை எவ்வளவு என்பதுதான் பார்க்க வேண்டியது. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டாம். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அவை உங்கள் கையில் இருக்க வேண்டும். முதலில் வருகிற நிறுவனம் என்பதற்காகப் பதற்றப்படவும் வேண்டாம். அது ஜூலை, ஆகஸ்ட் பதற்றம். டிசம்பருக்குப் பிறகும் நிறுவனங்கள் வரும்.

இப்போது செய்ய வேண்டியது அந்தப் பத்து வரிக் கடிதம்தான். இந்த வாரமே அனுப்புங்கள். கேட் பதிவு அடுத்து. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, மழை ஏமாற்றாமல் இருந்தால், கண்மாயில் தண்ணீர் கிடக்கும். பெரியவரைக் கூட்டிக்கொண்டு கரை ஓரமாக நடந்து, கருவை மூடிய இடங்களில் எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று அவர் காட்டக் காட்ட, கைபேசியில் இடத்தையும் தேதியையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது புள்ளி கிடைத்தால் ப்ராஜெக்ட்டுக்குப் போதுமான தொடக்கம் என்கிறார் என் நண்பர். மடை ஏன் திறக்கவில்லை என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்; பதில் கிடைத்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.